சோல் இசைச் சாயலில் ஒரு சொந்த ஆல்பம்: காவிரி டெல்டாக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று டெல்டாவின் ஊர்களில் கிடாரும் கீபோர்டும் ட்ரம்ஸும் வைத்துக்கொண்டு வாசிக்கும் குழுக்கள் பல உண்டு. திருவிழா மேடையிலும் கல்யாண வரவேற்பிலும் சினிமாப் பாட்டு வாசித்துப் பழகிய அவர்களில் சிலர், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசையைக் கேட்டு அதில் மனம் தோய்ந்து, அந்த உணர்வில் தமிழில் சொந்தப் பாடல்கள் எழுதி ஆல்பமாகக் கொண்டுவர விரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு குழுவில் கீபோர்டு வாசித்து, ஒன்பது பாடல்களை முடிக்க இரண்டு ஆண்டுகள் செலவிட்ட அனுபவத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சோல் பாட்டைத் தாங்கி நிற்பது பின்பாட்டு. முன்பாட்டுக்காரரின் குரல் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் சோகப் பாட்டாக நின்றுவிடும். ஆகவே வேலையைப் பின்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: எங்கிருந்து வந்தது என்று தெரிந்து கேட்பது

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் முறையும், ரிதம் அண்ட் புளூஸ் என்ற அவர்களுடைய ஜனரஞ்சக இசையும் 1950களில் ஒன்று கலந்ததில் சோல் பிறந்தது. சாம் குக் பக்திப் பாடல் குழுவிலிருந்து வெளியே வந்தவர். அரீத்தா ஃபிராங்க்ளின், டெட்ராய்ட் நகரில் போதகராக இருந்த தம் தந்தையின் சபையில் பாடி வளர்ந்தவர். அதே டெட்ராய்டில் 1959இல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் பளிச்சென்ற, மெருகேறிய ஒலியைத் தந்தது. மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனமோ ஒரு பழைய சினிமா கொட்டகையைப் பதிவுக்கூடமாக்கி, கரடுமுரடும் சூடும் மாறாத ஒலியைத் தந்தது. உங்கள் குழுவுக்கு இந்த இரண்டில் எது நெருக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டெல்டாவில் கிடைக்கும் ஆட்களுக்கும் அறைகளுக்கும் ஸ்டாக்ஸ் வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து.

கேட்கும்போது ஒரே பாட்டை நான்கு முறை கேளுங்கள். முதல் முறை பாஸ் கிடாரை மட்டும், இரண்டாம் முறை பின்பாட்டை மட்டும், மூன்றாம் முறை ட்ரம்பெட்டும் சாக்சபோனும் எங்கே வாய் மூடி இருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். நான்காம் முறைதான் முன்பாட்டு. இப்படி ஒரு மாதம் கேட்டவருக்கு இந்த இசை எதனால் ஆனது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: பின்பாட்டுக்கு ஆள் தேடுவது

இதற்காக நாம் ஊரைவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை. நாற்று நடும்போது ஒரு பெண் எடுத்துக்கொடுக்க, வரிசையில் குனிந்து நிற்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடும் நடவுப் பாட்டு நம்முடையது. நடவு இயந்திரங்கள் வந்தபின் அந்தப் பாட்டு வயலில் குறைந்துவிட்டாலும், அதைப் பாடத் தெரிந்த அம்மாமார்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். கும்பகோணத்தை அடுத்த மருதாநல்லூரில் வேர்கொண்ட பஜனை மரபிலும் பாகவதர் பாட, கோஷ்டி திருப்பிப் பாடுகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய காலந்தொட்டுக் கிறிஸ்தவப் பாட்டு வளர்ந்த மண் இது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிய கீர்த்தனைகளைச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

நாங்கள் சபைப் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்களையும், திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நடவுப் பாட்டு தெரிந்த ஒரு அம்மாவையும் அழைத்தோம். அந்த அம்மாவிடம் சுரம் சொல்லிக் கொடுக்க முயன்ற முதல் நாள் வீணாய்ப் போயிற்று. இரண்டாம் நாள் எங்கள் பாடகர், "நீங்க பாடுங்கம்மா, நான் வாங்கிக்கிறேன்" என்று இடத்தை மாற்றிக்கொண்டபோதுதான் பாட்டு வழிக்கு வந்தது. மூன்று பேர் போதும். மூன்று பேரும் ஒரே மைக்கின் முன் அரைவட்டமாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடட்டும். அவர்களுக்குரிய சம்பளத்தைப் பேசி, அன்றன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பாட்டு எழுதுவது

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழுகின்றன. ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லை நிரப்பி, அந்தப் பாடகர் இழுத்த இடத்தில் இவர்களும் இழுக்கிறார்கள். தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். "எரி" என்பதை இழுத்தால் "ஏரி" ஆகிறது. "விடு" என்று கெஞ்சினால் கேட்பவருக்கு "வீடு" என்று விழுகிறது. சோல் பாடகரின் இழுப்புக்கும் குழைவுக்கும் நம் இலக்கணத்தில் அளபெடை என்று பெயர் உண்டு. அது எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதையும் இலக்கணம் சொல்லி வைத்திருக்கிறது.

நெடிலை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆகவே உருக்கம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் "வானே", "போகாதே", "தாயே" போல நெடில் விழும்படி வரியை அமைத்துக்கொள்ளுங்கள். குற்றியலுகரத்தில் முடியும் சொற்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "காற்று" என்ற சொல்லின் கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான் அளவு. "காற்றூ" என்று அதைப் போய் இழுத்தால் போலியாக ஒலிக்கும். "கா" என்ற நெடிலில் குழைந்துவிட்டு, "ற்று" என்பதைச் சட்டென்று விட்டுவிட வேண்டும்.

மெய்யெழுத்தையும் இழுக்கலாம் என்பது பலர் மறந்துவிடும் செல்வம். ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்து மெய்களும் ஆய்தமும் ஒரு குறிலுக்குப் பின்னோ இரண்டு குறில்களுக்குப் பின்னோ வந்தால் அளபெடுக்கும் என்கிறது நன்னூல். எங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டு கடைமடைப் பாசனத்தைப் பற்றியது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும் வாய்க்காலின் கோடியில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்பவரின் பாட்டு அது. முன்பாட்டு, "கடைமடைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்கும்; பின்பாட்டு, "வரும்" என்று மட்டும் பதில் சொல்லும். முதலில் அந்தச் சொல்லை "வரூம்" என்று பாடிப் பார்த்தோம், காதில் உறுத்தியது. பின்பு "வரு" என்பதைச் சுருக்கமாகச் சொல்லி, "ம்" என்ற எழுத்தில் மூவரும் வாயை மூடிக்கொண்டு நான்கு தாளத்துக்கு முனகும்படி மாற்றினோம். இரண்டு குறில்களுக்குப் பின் வந்த மகரம் அது. இலக்கணம் அனுமதித்த இடமேதான். பதில் சொல்லும்போது நம்பிக்கை இருக்கிறதா, அழுகை இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஒலி அந்த முனகலில் கிடைத்தது. அந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்றும் அதுவே.

பொருளைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தெரிந்த துக்கத்தை மட்டும் எழுதுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் கண்ணால் பார்த்த குழுவிடம் ஒரு பாட்டு இருக்கும்; திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணனைப் பற்றி இன்னொன்று இருக்கும். சோல் இசை தன் மக்களின் அடிமை வரலாற்றையும் விடுதலை வேட்கையையும் சுமந்துவந்த இசை என்பதால், அவர்களுடைய துயரத்தை இரவல் வாங்கிப் பாடுவது முறையாகாது. அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளக் கூடியது, துயரத்தைக் கூட்டத்தின் நடுவே வைத்துப் பாடும் முறை.

நான்காம் படி: சுரமும் தாளமும்

கர்நாடக சங்கீதம் பயின்ற குரல்கள் டெல்டாவில் எளிதாகக் கிடைக்கும். அவர்களுக்கு வழி சொல்வதும் எளிது. சோல் பாட்டின் ஐந்து சுர வரிசைகளில் ஒன்று நம் மோகனம். மற்றொன்று சுத்த தன்யாசி. ஆனால் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பதை, குறிப்பாகக் கம்பிதத்தை, விலக்கிவைக்கச் சொல்லுங்கள். சுரத்தில் ஊஞ்சலாடாமல், படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும். காந்தாரம் மட்டும் விதிவிலக்கு: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஓர் இடத்தில் குரல் தயங்கி நிற்பதே புளூஸின் அடையாளம். கமகம் பழகிய தொண்டைக்கு அந்த இடம் பிறவியிலேயே தெரிந்ததுபோல் வந்துவிடும்.

கார்ட்டுகளில், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகளில், நிறைய வித்தை காட்ட வேண்டாம். மத்திமத்தை ஆதாரமாகக் கொண்ட கார்ட்டிலிருந்து சட்ஜத்தின் கார்ட்டுக்கு இறங்குவது தேவாலயத்தில் "ஆமென்" பாடும் நடை. சோல் பாட்டின் பாதி உருக்கம் அதில்தான் இருக்கிறது. சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகியவற்றோடு கைசிகி நிஷாதத்தையும் சேர்த்து வாசித்தால், அந்த இடம் முடியாமல் தொங்கி நின்று அடுத்த கார்ட்டைக் கேட்கும்.

மெதுவான சோல் பாட்டு பெரும்பாலும் பன்னிரண்டு-எட்டு என்ற கணக்கில் நடக்கும். நம் ஊர்த் தவில்காரரிடம் இதை, "நாலு அட்சரம், திஸ்ர நடை" என்று சொன்னால் போதும். நான்கு தகிடவை உடனே விரலில் வாசித்துக் காட்டுவார். இரண்டாம், நான்காம் அட்சரங்களில் ஸ்நேர் ட்ரம்மின் அடி அழுத்தமாக விழ வேண்டும். முதல் அட்சரத்தில் தட்டிப் பழகிய நம் கைக்கு இதுதான் கடினம் என்பதால், குழுவினர் எல்லோரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு ஓடும்போது இரண்டிலும் நான்கிலும் மட்டும் கைதட்டும் பயிற்சியை நாள்தோறும் பத்து நிமிடம் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: ஊதும் வாத்தியங்கள்

ட்ரம்பெட்டும் சாக்சபோனும் இல்லாத சோல் ஆல்பம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. கீபோர்டில் அந்த ஒலியை வைத்துச் சமாளிக்காதீர்கள். கல்யாண ஊர்வலத்திலும் சாவு வீட்டிலும் கோயில் புறப்பாட்டிலும் வாசிக்கும் பேண்டு செட் கலைஞர்கள் உங்கள் தாலுகாவிலேயே இருக்கிறார்கள். ஒருவர் கண்ணீரோடு நிற்கும்போது அவருக்காக வாசிப்பது எப்படி என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை.

அவர்களில் பலர் நோட்டுப் பார்த்து வாசிப்பவர்கள் அல்லர். அது குறையாகாது. சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங், ஸ்டாக்ஸ் கூடத்தில் ஊதும் வரிகளை வாயால் பாடிக் காட்டியே கலைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் அப்படியே பாடிக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சில் அடங்கட்டும். பாடகர் நிறுத்திய இடத்தில் தொடங்கி, அவர் திரும்ப வாய் திறப்பதற்குள் முடிந்துவிடட்டும். இதுவும் பின்பாட்டுதான், பித்தளையில்.

சுருதி விஷயத்தில் கவனம் தேவை. கிடார்காரருக்கு 3 கட்டையும் (ஈ) 6 கட்டையும் (ஏ) சுகம். ட்ரம்பெட்காரருக்கு அவை வதை, ஏனென்றால் அவர் கையில் அவை ஆறு ஷார்ப், ஐந்து ஷார்ப் கொண்ட ஸ்கேல்களாக மாறிவிடும். 2½ கட்டைக்கு, அதாவது ஈ ஃப்ளாட்டுக்கு வைத்தால், ட்ரம்பெட்காரருக்கு அது எஃப் ஆகவும் ஆல்டோ சாக்சபோன்காரருக்கு சி ஆகவும் விழுந்து, இருவருக்கும் மூச்சு தாராளமாகப் போகும். கிடாருக்கு, கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போவைப் போட்டுக்கொள்ளலாம்.

நாதஸ்வரத்தையும் தவிலையும் எல்லாப் பாட்டிலும் வைக்கும் ஆசையை அடக்குங்கள். நரசிங்கம்பேட்டை ஆச்சாமரக் குழலின் ஒலி ஓர் அறையையே விழுங்கிவிடக் கூடியது. எங்கள் ஒன்பது பாடல்களில் ஒன்றில் மட்டும், கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும் அது வருகிறது. அந்தக் குழலின் சுருதியை ட்யூனர் செயலியில் அளந்துகொண்ட பிறகே அந்தப் பாட்டுக்குக் கட்டையை முடிவு செய்தோம்.

ஆறாம் படி: ஆல்பமாகக் கோப்பது

எட்டு அல்லது ஒன்பது பாடல்கள், 35 முதல் 40 நிமிடம் வரை, போதுமானவை. மோட்டவுன் பாடகர் மார்வின் கே 1971இல் வெளியிட்ட "வாட்ஸ் கோயிங் ஆன்" ஆல்பம், வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு வீரனின் பார்வையில், ஒரு பாட்டு முடியும் இடத்திலேயே அடுத்த பாட்டைத் தொடங்கி, முழுவதையும் ஒரே மூச்சாக ஆக்கியது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் பாடல்களுக்குள் ஒரு தொடர்பு வேண்டும். நாங்கள் ஆனி முதல் தை வரையிலான ஒரு சாகுபடிக் காலத்தின் வரிசையில் பாடல்களை வைத்தோம். பதிவுக்கு முன் முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல், ஊர்க்காரர்கள் இருபது பேர் முன்னால் ஒருமுறையாவது வாசித்துவிடுங்கள். எந்தப் பாட்டு நீளம் என்பதை அவர்கள் அசைவே சொல்லிவிடும்.

ஏழாம் படி: பதிவு

காலத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். முகூர்த்த மாதங்களில் பேண்டு செட்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள் உண்டு. மார்கழியில் விடியற்காலைப் பாட்டு உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்திய புரட்டாசியே எங்களுக்கு ஒத்துவந்தது. அப்போது குறுவை அறுவடை இயந்திரங்கள் பகலில் ஓடும் என்பதால், இரவு ஒன்பது மணிக்குமேல் பதிவு செய்தோம். பக்கத்து வயலுக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது, பம்புசெட் எப்போது ஓடும் என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வீட்டின் கூடம் நல்ல இடம். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வைத்தால் எதிரொலி நன்றாக அடங்கும். ட்ரம்ஸ், பாஸ், கீபோர்டு, கிடார் நான்கும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். பாஸ் கிடாரை டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரடியாக எடுத்தால் மற்ற மைக்குகளில் அது கலக்காது. ஊதும் வாத்தியங்களை மறுநாள் எடுக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். மெட்ரோனோமை ஒத்திகையில் பயன்படுத்துங்கள். பதிவின்போது, ட்ரம்ஸ்காரர் நிதானமானவராக இருந்தால், அதை அணைத்துவிடுங்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வேகம் இம்மி கூடுவது மனித இயல்பு, அது இருக்கட்டும். கணினிக்கு யு.பி.எஸ். கட்டாயம்.

ஒவ்வோர் இரவும் பதிவை மூன்று இடங்களில் நகல் எடுங்கள். அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். எங்கள் முதல் முயற்சியில், நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் இரண்டு நாட்கள் எடுத்த ட்ரம்பெட் பகுதிகள் அவர்களுடைய ஹார்டு டிஸ்க் பழுதானதில் முழுவதும் போய்விட்டன. எங்களிடமும் நகல் இல்லை. அந்தக் கலைஞர்களை மறுபடி அழைத்துவர ஐந்து மாதங்கள் ஆயின.

எட்டாம் படி: மிக்ஸிங், மாஸ்டரிங்

இதைக் கைதேர்ந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே நல்லது. பாடகரின் குரலைச் சுருதித் திருத்தும் மென்பொருளில் போடக் கூடாது என்பதையும், பின்பாட்டு முன்பாட்டுக்கு நிகரான சத்தத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவை ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடுவதால், சத்தத்தை நசுக்கி ஏற்றுவதில் லாபம் இல்லை.

ஒன்பதாம் படி: பெயரும் உரிமையும்

பாட்டு எழுதி, மெட்டு அமைத்த அன்றே, யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமை படைத்த கணத்திலேயே உண்டாகிறது. பதிவு செய்வது சாட்சிக்கு உதவும். பாடல் வரிக்கும் இசைக்கும் அந்த உரிமை, படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 2012 திருத்தத்திற்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எனவே "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று ஒருவர் ஒப்பந்தம் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்கிக்கொண்டு, வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே விநியோகத் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

வாசித்தவர்கள் பெயர் விடுபடவே கூடாது. 1960களில் மோட்டவுனின் பெரும்பாலான வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர்கள், மேலே சொன்ன 1971 ஆல்பம் வரும்வரை அந்த நிறுவனத்தின் உறைகளில் பெரும்பாலும் அச்சாகவில்லை. ஜேம்ஸ் ஜேமர்சன் போன்ற ஒரு பாஸ் மேதையின் பெயர் தெரியாமலே உலகம் பல ஆண்டுகள் அவர் வாசிப்புக்குத் தலையாட்டியிருக்கிறது. எங்கள் ஆல்ப உறையில் பின்பாட்டுப் பாடிய மூவரின் பெயர்களையும் முன்பாட்டுக்காரரின் பெயருக்கு அடுத்த வரியிலேயே, அதே எழுத்தளவில் போட்டோம். உறை அச்சாகி வந்தபோது, நடவுப் பாட்டு பாடிய அந்த அம்மாவின் வீட்டுக்கு முதல் பிரதியைக் கொண்டுபோனோம். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்துவிட்டு, அதன் கீழே ஊர்ப் பெயரையும் போட்டிருக்கலாமே என்றார். இரண்டாம் அச்சில் போட்டிருக்கிறோம். நீங்கள் முதல் அச்சிலேயே போட்டுவிடுங்கள்.